தெரியாதவர் இடது கை

"சந்தேகம் ஏதாவது உண்டா?"

டாக்டர் நவமணி மலாய் மொழியில் இப்படிக் கேட்டதும் வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. ஒருவர் பேனா மூடியைத் திருகினார். ஒருவர் ஜன்னல் வழியே சுண்ணாம்பு மலையைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த ஒரு தலைமையாசிரியர் தமக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார். அவர் ஆட்டியதைப் பார்த்து மற்றவர்களும் ஆட்டினார்கள்.

சந்தேகம் இல்லாமல் இல்லை, மூட்டை மூட்டையாக இருந்தது. ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வாத்தியார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை கையில் பிரம்போடு நின்று "புரியுதா? புரியுதா?" என்று கேட்டுப் பழகியவர்கள். சனிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து "புரியவில்லை" என்று சொல்ல அவர்களுக்கு வாய் வருமா? அதுவும் பக்கத்துப் பள்ளி வாத்தியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது?

அது எண்பத்து நாலாம் வருஷம். வேலையை விடாமலே பட்டம் படிக்கலாம் என்று அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்று ஏற்பாடு செய்திருந்தது. பாடப்புத்தகம் தபாலில் வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை விரிவுரையாளர் ஈப்போவுக்கு வந்து, இரவல் வாங்கிய ஒரு இடைநிலைப்பள்ளி வகுப்பறையில் மதியம்வரை பாடம் நடத்துவார். போன வருஷம் கணக்குக்கு வந்தவர் மகா புண்ணியவான். தபாலில் வந்த அதே புத்தகத்தைப் பிரித்து வைத்து, தலை நிமிராமல் வாசித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் புறப்பட்டுவிடுவார். வருஷக் கடைசியில் வகுப்பில் பாதிப் பேர் கணக்கில் கவிழ்ந்தார்கள்.

கவிழ்ந்தவர்களில் அர்ச்சுனனும் ஒருவர். தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வாத்தியார். நாற்பதைத் தொட்ட வயது, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒரு பாடத்தில் இரண்டு முறை தவறினால் பல்கலைக்கழகம் வெளியே அனுப்பிவிடும். இந்த வருஷமும் கணக்கில் தவறினால் அர்ச்சுனன் படிப்பு அத்தோடு சரி.

படிப்பு போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. தோட்டத்து ஜனங்கள் அதற்கு வழி வைக்கவில்லை. அவர்களுக்குப் பொறுமை கிடையாது. வாத்தியார் யுனிவர்சிட்டியில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட உடனேயே மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸில் அவர் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று அச்சடித்துவிட்டார்கள். "இன்னும் முடிக்கலய்யா" என்று அர்ச்சுனன் பதறிக்கொண்டு போய்ச் சொன்னார். "எப்படியும் முடிக்கத்தானே போறீங்க வாத்தியாரே, அடுத்த வருஷம் மறுபடி அச்சு பிளாக் மாத்தணும்லா" என்று கோயில் செயலாளர் சொல்லிவிட்டார். இரண்டு திருவிழா வந்து போய்விட்டது. இல்லாத பட்டம் ஒவ்வொரு வருஷமும் நோட்டீஸில் வந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம் வந்த நவமணி வேறு மாதிரி. முப்பது வயது தாண்டிய பெண், ஒல்லியான உருவம், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். பாகான் செராய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் படித்து, வெளிநாடுபோய் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர். புத்தகத்தைத் தொடவே மாட்டார். சாக்குக்கட்டியை எடுத்தால் பலகை நிறையும், அழியும், மறுபடி நிறையும். நல்ல வாத்தியார் என்பது வாத்தியார்களுக்குத் தெரியாதா? அர்ச்சுனனுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு வருஷப் பாடத்தைச் சில சனிக்கிழமைகளில் அடைக்க வேண்டும். அவர் ஓடினார். இவர்கள் பின்னால் மூச்சிரைக்க வந்தார்கள், எந்தத் திருப்பத்தில் வழி தவறினோம் என்று யாருக்கும் தெரியவில்லை. நின்று கேட்டிருந்தால் அவர் நின்றிருப்பார். யாரும் கேட்கவில்லை.

அன்றைக்கு வகுப்பு முடியும் நேரத்தில் நவமணி சாக்குத்தூளைத் தட்டிக்கொண்டே ஒரு செய்தி சொன்னார்.

"அடுத்த வகுப்புக்கு டீன் வருகிறார். புலத்துக்கே தலைவர். பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். எப்போதும் எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள். பாடம், புத்தகத்தில் அடுத்து வருகிற ஏணிக் கணக்கு."

இவ்வளவுதான் சொன்னார். அர்ச்சுனனுக்கு உடம்பெல்லாம் காது ஆகிவிட்டது.

எப்போதும்போல் இருங்கள்! இந்த வார்த்தையை அவர் எத்தனை தரம் கேட்டிருப்பார்! நாசிர், அதாவது பள்ளிகளைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர், வரப்போகிறார் என்றால் அவருடைய தலைமையாசிரியர் வகுப்பு வகுப்பாகப் போய் இதைத்தான் சொல்வார். சொல்லிவிட்டு, கக்கூஸைக் கழுவச் சொல்வார், சுவரில் புதுப் படம் ஒட்டச் சொல்வார், மூக்கு ஒழுகும் பிள்ளைகளைப் பின்வரிசைக்கு மாற்றச் சொல்வார். எப்போதும்போல் இருப்பதற்கு ஒரு வாரம் ராப்பகலாக வேலை நடக்கும்.

வகுப்பு விட்டதும் அர்ச்சுனன் நேரே போனது ஜைனுலாப்தீனின் அண்ணன் நடத்தும் சாப்பாட்டுக்கடைக்கு. ஜைனுலாப்தீன் ஈப்போவில் ஒரு தேசியப் பள்ளி வாத்தியார், இதே வகுப்புத்தான். கூடவே பத்துமலை. பக்கத்து ஊர்த் தமிழ்ப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்த இளவட்டம் அவன். மூன்று பேருக்கும் நுரை ததும்பும் தே தாரிக் டீ வந்தது.

"பாய், ஒங்களுக்கு வெளங்குதா?" என்றார் அர்ச்சுனன்.

"ஏணிக் கணக்கா? எங்கண்ணே வெளங்குது."

"கணக்கக் கேக்கலே பாய். டீன் எதுக்கு வாராருன்னு கேட்டேன். போன வருஷம் பாதிப் பேரு பெயில். இந்த வருஷம் சோதனைப் பரீச்சையிலயும் நாம கிழிச்சது தெரியும். மேல இருக்கறவன் என்னா நெனைப்பான்? டாக்டருக்குப் பாடம் நடத்தத் தெரியலேன்னுதான் நெனைப்பான். அதுக்குத்தான் நாசிர் மாரி வந்து பின்னாடி ஒக்காரப் போறான்."

பத்துமலை கண்ணை விரித்தான். "ஆமாண்ணே, அவங்க கான்டிராக்ட் வேலதான்னு கேள்விப்பட்டேன். அந்தம்மாவத் தூக்கிட்டா மறுபடி அந்தப் புத்தகம் வாசிக்கிற ஆளுதான் வருவாரு."

"அவரு வந்தா நாம அம்புட்டுப் பேரும் காலி" என்றார் ஜைனுலாப்தீன்.

"அதான் சொல்றேன். டாக்டர நாமதான் காப்பாத்தணும்லா" என்றார் அர்ச்சுனன். சொல்லும்போதே அவர் முதுகு நிமிர்ந்தது. கணக்கில்தான் அவர் மக்கு. நாசிரைச் சமாளிப்பதில் பேராக் மாநிலத்திலேயே அவருக்கு நிகர் கிடையாது.

அவர் பள்ளியில் அதற்கு ஒரு முறை உண்டு. நாசிர் வரும் நாளில் வாத்தியார் கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர் வலது கை. தெரியாதவர் இடது கை. நாசிர் பார்ப்பது கைகளின் காட்டை மட்டும்தான். வாத்தியார் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். பதில் மணிமணியாக வரும். நாசிர் மகிழ்ந்துபோய் நல்ல வார்த்தை எழுதிவிட்டுப் போவார். அர்ச்சுனன் தாமே பிள்ளையாக இருந்தபோது இப்படிக் கை தூக்கியவர், வாத்தியாரான பிறகு தூக்க வைத்தவர்.

அந்த வாரமே ஒத்திகை தொடங்கியது. சாப்பாட்டுக்கடை மாடியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, பள்ளி விட்டதும் வந்து கூடினார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று வகுப்பு மொத்தமும் வந்தது. ஆச்சரியம் என்னவென்றால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அர்ச்சுனன் வலது இடது என்று ஆரம்பித்த உடனேயே எல்லோர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கள் பள்ளியில் தெரியாதவன் கட்டைவிரலை மடக்கிக்கொள்ள வேண்டும்" என்றார் சீனப்பள்ளி வாத்தியார் ஒருவர். முன்வரிசைத் தலைமையாசிரியர்கூட மறுப்புச் சொல்லவில்லை. சரியாக எந்த நேரத்தில் கை தூக்க வேண்டும் என்று அவர்தான் திருத்தம் சொன்னார்.

"டாக்டருக்கு வலது இடது யாருண்ணே சொல்றது?" என்று கேட்டான் பத்துமலை.

"அவங்களும் தோட்டப் பள்ளிக்கூடத்துலதானே படிச்சாங்க. பாத்தா தெரிஞ்சிக்குவாங்க" என்றார் அர்ச்சுனன்.

ஏணிக் கணக்கு இதுதான். சுவரில் ஒரு ஏணி சாய்த்து வைத்திருக்கிறது. அடிப்பக்கம் தரையில் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்படியானால் நுனி சுவரில் எவ்வளவு வேகத்தில் இறங்கும்? புத்தகத்தில் செய்து காட்டியிருந்த அந்தக் கணக்கை அர்ச்சுனன் வரி விடாமல் நெட்டுருப் போட்டார். காலையில் பல் விளக்கும்போது முதல் வரி. பஸ்ஸில் நடு வரி. சாப்பிடும்போது கடைசி வரி. தேவாரம்போல் ராகம் போட்டுச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

அவர் மனைவி முத்தம்மா ஒருகாலத்தில் பால்மரம் சீவியவள். தோட்டத்தில் பாதியை வெட்டி வீடமைப்புக்கு விற்ற பிறகு ஈப்போவில் சட்டை தைக்கும் பாக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசைந்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்த புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னாங்க, கணக்கு வந்துருச்சா?"

"கணக்கு வரலே. பதிலு வந்துருச்சு."

"அது எப்படி?"

"அதெல்லாம் ஒனக்குப் புரியாது."

"ஒங்களுக்குப் புரிஞ்சா சரி" என்று சொல்லிவிட்டு அவள் ரசம் ஊற்றினாள்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. வகுப்பில் ஒருவர்கூடத் தாமதமில்லை. எல்லோரும் சலவைச் சட்டை. ஆசிரியைகள் பளிச்சென்று வந்திருந்தார்கள். மேசையில் யாரோ பூச்சாடிகூட வைத்திருந்தார்கள். நவமணி உள்ளே வந்தவர் பூச்சாடியைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார். பின்னாலேயே டீன் வந்தார். பேராசிரியர் ஹம்டான், பருமனான, சாந்தமான மனிதர். பின்வரிசையில் சின்ன நாற்காலியில் சிரமப்பட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

பாடம் தொடங்கியது. நவமணி ஏணியை வரைந்தார். "இதில் எது மாறுகிறது, எது மாறவில்லை?" என்று கேட்டார்.

குபீரென்று அத்தனை கைகளும் எழுந்தன.

நவமணி அப்படியே நின்றார். இத்தனை மாதத்தில் அந்த வகுப்பில் ஒரு கை எழுந்து அவர் பார்த்ததில்லை. அவர் கண் வரிசை வரிசையாகப் போனது. சில வலது கைகள். பெரும்பாலும் இடது கைகள். ஒரு நொடி அவர் முகத்தில் என்னவோ ஓடி மறைந்தது. தெரிந்துகொண்டுவிட்டார் என்பது அர்ச்சுனனுக்குப் புரிந்தது. 'நம்ம ஆளு!' என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

நவமணி வலது கைகளையே எழுப்பினார். ஜைனுலாப்தீன் கேள்வி முடியுமுன்பே பதிலை ஒப்பித்தார். பத்துமலை ஒரு சந்தேகம் கேட்டான், ஒத்திகையில் கொடுத்த சந்தேகம். அதற்குச் சீனப்பள்ளி வாத்தியார் விளக்கம் சொன்னார், அதுவும் ஒத்திகையில் கொடுத்ததுதான். கடைசியில் அர்ச்சுனன் எழுந்து பலகைக்குப் போனார். சாக்குக்கட்டியை எடுத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுத்தாமல் எழுதி, விடைக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பின்னால் டீன் மெல்லக் கைதட்டினார். அர்ச்சுனனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கோயில் நோட்டீஸ் பலித்துவிட்டது என்றே தோன்றியது.

"சந்தேகம் ஏதாவது உண்டா?" என்று நவமணி கேட்டபோது அவர் குரல் என்றைக்கும்போல் கணீரென்று இல்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இடைவேளை விட்டதும் டீன் நவமணியிடம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு, தேநீர் குடிக்கப் பள்ளிக் கேண்டீனுக்குப் போனார். வகுப்பில் எல்லோரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அர்ச்சுனன் சிரித்த முகமாக வராந்தாவுக்கு வந்தார். நவமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு திடலைப் பார்த்தபடி நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"டாக்டர், டீனுக்கு ரொம்பத் திருப்தி போல" என்றார் அர்ச்சுனன் தமிழில்.

"ஆமா சார். ரொம்பத் திருப்தி." நவமணி திரும்பவில்லை. "இந்த வகுப்புக்கு எதுக்கு எக்ஸ்ட்ரா கிளாஸ்னு கேட்டாரு."

"எக்ஸ்ட்ரா கிளாஸா?"

"நான்தான் கேட்டிருந்தேன். வாராவாரம் சனிக்கிழமை வாரேன், கொஞ்சக் கொஞ்சப் பேரா ஒக்காந்து கணக்குப் போட்டுப் பாக்கறதுக்கு இன்னொரு ஆளையும் அனுப்புங்கன்னு. இப்படியே போனா யாரும் தேற மாட்டாங்கன்னு சொன்னேன். அவரு நம்பல. நேர்ல வந்து பாக்கறேன்னாரு. அதுக்குத்தான் வந்தாரு."

அர்ச்சுனன் ஓர் அடி முன்னால் வந்தார். "அப்ப, ஒங்க வேலைக்கு...?"

"என் வேலைக்கு என்னா? நல்லாத்தான் இருக்கு. நான் பிரமாதமா நடத்தறேன்னு இப்பத்தான் பாராட்டிட்டுப் போறாரு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டாக்டர்!"

"சொன்னா, ஒண்ணுமே தெரியாத மாரி நடிப்பீங்கன்னு பயந்தேன். உள்ளது உள்ளபடி பாக்கட்டும்னு விட்டேன்." நவமணி சிரிக்க முயன்றார், வரவில்லை. "நீங்க தெரிஞ்ச மாரி நடிச்சிட்டீங்க."

"இடது கையப் பாத்தீங்கள்ல டாக்டர்? ஒருத்தர எழுப்பி விட்டிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்குமே" என்றார் அர்ச்சுனன்.

"எப்படி சார் எழுப்புவேன்? நானும் தோட்டத்துப் பள்ளிக்கூடம்தானே. ரெண்டு வருஷம் நான் இடது கைதான். எங்க நம்மள எழுப்பிருவாங்களோன்னு வயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன். தலைமையாசிரியர் எல்லாம் இடது கையத் தூக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. அவங்களப் போயி டீன் முன்னாடி நிக்க வெக்க எனக்கு மனசு வரலே."

"இப்பப் போயி சொல்லலாமே?"

"என்னான்னு? என் மாணவருங்க ஒங்கள ஏமாத்திட்டாங்கன்னா? நான் சொல்ல மாட்டேன் சார். சொன்னாலும் நம்ப மாட்டாரு. கண்ணால பாத்துட்டாருல்ல."

நவமணி வகுப்புக்குள் போய்விட்டார். அர்ச்சுனன் வராந்தாவில் தனியாக நின்றார்.

தன் கையாலேயே தன் வழியை அடைத்துக்கொண்டது அவருக்கு இப்போது நன்றாக விளங்கியது. அவர் வழியை மட்டுமா? வகுப்பு மொத்தத்துக்கும் சேர்த்து அடைத்திருந்தார். வாராவாரம் பாடம் நடந்திருந்தால் தேறியிருக்கலாம். இனி ஆண்டிறுதிப் பரீட்சை, பிறகு வீடு. அடுத்த திருவிழாவுக்கு அந்த மூன்றெழுத்தை நோட்டீஸிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அவருக்குத் தம்மேலேயே கடுங்கோபம் வந்தது. ஓங்கி அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கேண்டீனில் டீன் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அர்ச்சுனன் போய் எதிரில் நின்றார். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும் தோட்டத் தொழிலாளிபோல் கைகள் தாமாகவே விறைத்துக்கொண்டன.

"பேராசிரியர், நான் அர்ச்சுனன். பலகையில் கணக்குப் போட்டவன்" என்றார் மலாயில்.

"தெரியும், தெரியும். மிக அழகாகப் போட்டீர்கள்."

"எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது."

டீன் சிரித்தார். "தன்னடக்கம் வேண்டியதுதான். இவ்வளவு வேண்டாம்."

"தன்னடக்கம் இல்லை. நிஜமாகவே தெரியாது. மனப்பாடம் செய்தேன். இங்கே யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒத்திகை பார்த்துச் செய்தது. ஏற்பாடு செய்தவன் நான். டாக்டருக்குத் தெரியாமல் செய்தோம்."

டீன் கோப்பையைக் கீழே வைத்தார். நம்புவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியும் என்று பொய் சொன்னவர்களைத் தம் உத்தியோகத்தில் அவர் ஏராளமாகப் பார்த்திருப்பார். தெரியாது என்று சொல்லிக்கொண்டு தேடி வந்த ஆளைப் பார்த்திருக்க மாட்டார்.

"வேண்டுமானால் என்னைச் சோதித்துப் பாருங்கள்" என்றார் அர்ச்சுனன். "எல்லோர் முன்னாலும்."

டீன் அர்ச்சுனனோடு மறுபடி வகுப்புக்குள் நுழைந்ததைப் பார்த்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏதோ விருது கொடுக்கப்போகிறார்கள் என்று பத்துமலை நினைத்திருப்பான், முகமெல்லாம் சிரிப்பு. பலகையில் அர்ச்சுனனின் கணக்கு இரட்டைக் கோட்டோடு அப்படியே இருந்தது. டீன் அதை ஒரு தரம் படித்தார். பிறகு அழித்தார். ஏணிப் படத்தை மட்டும் விட்டுவைத்தார்.

"ஏணி வழுக்கவில்லை" என்றார். "யாரோ அடியைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் தள்ளுகிறார்கள். நுனி மேலே ஏறுகிறது. என்ன வேகத்தில் ஏறும்? வேறு எதையும் நான் மாற்றவில்லை."

அர்ச்சுனன் சாக்குக்கட்டியை எடுத்தார். முதல் வரியை எழுதினார். அது நெட்டுருவில் இருந்த முதல் வரி. இரண்டாவது வரியும் அப்படியே வந்தது. மூன்றாவது வரியில் அடி வழுக்கும் வேகத்தைப் போட வேண்டும். இப்போது வழுக்கவில்லையே, உள்ளே வருகிறதே, அப்படியானால் என்ன போடுவது? சாக்குக்கட்டி பலகையைத் தொட்டபடி நின்றது.

எத்தனை பிள்ளைகளை இப்படிப் பலகை முன்னால் அவர் நிறுத்தியிருக்கிறார்! "என்னடா முழிக்கிற, போடு" என்று பின்னாலிருந்து பிரம்பால் மேசையைத் தட்டியிருக்கிறார். அவர்களுக்குக் காது இப்படித்தான் சுட்டிருக்குமா? உள்ளங்கை இப்படித்தான் வேர்த்திருக்குமா? சாக்குக்கட்டி பிசுபிசுத்து அவர் விரலில் ஒட்டியது.

"தெரியாது, பேராசிரியர்" என்றார் அர்ச்சுனன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

டீன் வகுப்பைப் பார்த்தார். "வேறு யாருக்குத் தெரியும்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தலைகள் குனிந்தன.

"சரி. யாருக்குத் தெரியாது?"

அர்ச்சுனன் திரும்பி ஜைனுலாப்தீனைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வலது கை தூக்கிய ஜைனுலாப்தீன், அர்ச்சுனன் முகத்தையே பார்த்தபடி இடது கையைத் தூக்கினார். அடுத்து பத்துமலை. அடுத்து சீனப்பள்ளி வாத்தியார். ஆசிரியைகள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். கடைசியாக, கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, தலைமையாசிரியரும் தூக்கினார். இந்தத் தடவை வலது கை ஒன்றுகூட இல்லை.

"ஏன் எல்லோரும் இடது கை?" என்றார் டீன்.

தலைமையாசிரியர்தான் சமாளித்தார். "வலது கையில் பேனா இருக்கிறது, பேராசிரியர்."

நவமணி முகத்தைப் பலகைப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும்.

டீன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூட அர்ச்சுனனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "டாக்டர் நவமணி, நீங்கள் கேட்டபடியே வாராவாரம் வகுப்பு வையுங்கள். உதவிக்கு ஆள் அனுப்புகிறேன்" என்றார். பிறகு அதே சின்ன நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "இப்போது பாடத்தை நடத்துங்கள். என் வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது."

நவமணி பலகையைச் சுத்தமாக அழித்தார். பூச்சாடியைத் தூக்கி ஓரமாக வைத்தார். ஏணியைப் புதிதாக வரைந்து, பக்கத்தில் முதல் வரியை மட்டும் எழுதி, சாக்குக்கட்டியோடு திரும்பினார்.

"சந்தேகம் ஏதாவது உண்டா?"

அர்ச்சுனன் எழுந்தார். இரண்டு வருஷமாக அவர் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த கேள்வி அது. முதல் பாடத்தின் முதல் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டியது. எந்தக் கையைத் தூக்குவது என்று ஒரு கணம் தடுமாறி, இரண்டையுமே தூக்காமல் கேட்டார்.

"டாக்டர், இந்த வேகத்தைப் பின்னம்போல் எழுதும்போது மேலே ஒரு 'டி' போடுகிறோம், கீழே ஒரு 'டி' போடுகிறோம். மேலேயும் கீழேயும் ஒன்றே இருந்தால் வெட்டிவிடலாமே. இதை மட்டும் ஏன் வெட்டுவதில்லை? அந்த 'டி' என்பதே என்ன?"

சின்ன வகுப்புப் பிள்ளை கேட்கும் கேள்வி. அவருக்கே காது சிவந்தது. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தார்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் அவசர அவசரமாகப் பேனா மூடியைத் திறந்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் திறந்தார்கள்.